ஈரச் சாக்கில் விதைச் சோதனை
சோயா மொச்சையின் முளைப்புத்திறனை வீட்டிலேயே அறியும் முறை

மத்தியப் பிரதேசத்தின் மாளவப் பகுதியில் சோயா மொச்சை மழைக்காலப் பயிராகும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அறுவடையான விதை, அடுத்த ஜூன் மாத விதைப்புவரை ஏறத்தாழ எட்டு மாதங்கள் சாக்கிலேயே கிடக்கிறது. இடையில் கடுங்கோடையும் வந்து போகின்றது. இக்காலத்தில் விதையின் உயிர் குன்றினாலும், அதன் நிறமும் உருவமும் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே கண்ணால் பார்த்து மட்டும் நல்விதையெனத் தீர்மானித்தல் இயலாது. முளைக்காத விதையை விதைத்தவர், அதனை உணர்வதற்குள் மழையீரமும் விதைப்புப் பருவமும் கடந்துவிடும்.

விதை கெடுவதன் காரணம்

சோயா விதையின் தோல் மிக மெல்லியது. முளைக்கருவின் வேர்ப்பகுதி அத்தோலின் கீழேயே அமைந்துள்ளது. கதிரடிக்கும் எந்திரம் மிகுவேகமாகச் சுழன்றாலும், மூட்டையை உயரத்திலிருந்து எறிந்தாலும் அப்பகுதி அடிபடும். சேமிப்பில் ஈரமும் வெப்பமும் மிகுந்தால் விதை விரைவில் மூப்படையும்.

செய்முறை

1. ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் சிறிது விதை எடுத்து ஒன்றாகக் கலக்க வேண்டும்.

2. அதிலிருந்து 100 விதைகளை எண்ணி எடுக்க வேண்டும். பருத்தவற்றைத் தேர்ந்தெடுத்தலும், சிறியவற்றை ஒதுக்குதலும் கூடாது.

3. தூய சணற்சாக்குத் துண்டை நனைத்து, நீர் சொட்டாதவாறு பிழிந்து விரிக்க வேண்டும். விதைகளை வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசைகளில் இடைவெளிவிட்டு அடுக்க வேண்டும்.

4. மற்றோர் ஈரத் துண்டால் மூடித் தளர்வாகச் சுருட்டி, நிழலில் வைக்க வேண்டும். காலையும் மாலையும் நீர் தெளித்துவரலாம். சாக்கு நீரில் ஊறிக் கிடந்தால் விதைக்குக் காற்றுக் கிடைக்காது, நல்விதையும் அழுகிவிடும்.

5. ஐந்தாம் நாளிலும் எட்டாம் நாளிலும் திறந்து எண்ண வேண்டும்.

எண்ணும் விதம்

நீண்ட வேரும் உறுதியான தண்டும் பழுதற்ற வித்திலைகளும் கொண்ட நாற்றுகளை மட்டுமே கணக்கிற் சேர்க்க வேண்டும். வேர் குட்டையாக நின்றுவிட்டவை, வித்திலை பிளந்தவை, பூசணம் படர்ந்து அழுகியவை ஆகியன சேரா. ஒருமுறைச் சோதனையில் பிழை நேரக்கூடும். நூறு நூறாக நான்கு முறை செய்து சராசரி காணுதல் நலம். விதைச் சோதனைக்கூடங்களிலும் 400 விதைகளே சோதிக்கப்படுகின்றன.

முடிவைப் பயன்படுத்தல்

இந்திய விதைச் சான்றுத் தரத்தின்படி சோயா விதைக்கு 70 சதவீத முளைப்புத்திறன் குறைந்தபட்ச அளவாகும். அத்தகைய விதை ஹெக்டேருக்கு 70 கிலோ தேவையெனக் கொள்வோம். சோதனையில் 60 நாற்றுகளே கிடைப்பின், 70-ஐ 70-ஆல் பெருக்கி 60-ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 82 கிலோ வேண்டியிருக்கும். முளைப்பு இதனினும் மிகக் குறைந்தால், அளவைக் கூட்டுவதால் குறை தீராது. முளைக்கும் சிலவும் நலிந்தே இருக்குமாதலால், வேறு விதை தேடுதலே தக்கது. வயலில் மேல்மண் இறுகினால் வித்திலைகள் மேலெழுவது கடினமாதலின், சாக்கிற் கண்ட எண்ணிக்கை வயலிலும் முழுமையாகக் கிட்டுமென எதிர்பார்த்தல் ஆகாது.

விதைப்புக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்னரே இச்சோதனையை முடித்தால்தான் மாற்று விதை பெற அவகாசம் இருக்கும். களப்பணியாளர்கள் மே மாதத்திலேயே ஊர்தோறும் இதனைச் செய்துகாட்டலாம்.

ஆசிரியர்கட்கு

இச்சோதனை வகுப்பறைக்கும் ஏற்றது. ஒரே விதையில் நூற்றை ஈரச் சாக்கிலும், நூற்றை நீர் நிறைந்த பாத்திரத்திலும், நூற்றை உலர்ந்த சாக்கிலும் வைத்து மாணவர்களை ஒப்பிடச் செய்யலாம். முளைத்தலுக்கு நீரும் காற்றும் ஒருங்கே வேண்டும் என்பதை அவர்கள் நேரிற் காண்பர். எடுத்தவை நூறாதலால், சதவீதக் கணக்கும் உடன் விளங்கும். தத்தம் வீட்டு விதையைக் கொணர்ந்து சோதிக்கும் மாணவர், முடிவைப் பெற்றோரிடம் உரிய காலத்தில் கூறவும் இயலும்.