பழைய லேப்டாப்புக்குப் புது வேகம்: எஸ்.எஸ்.டி. மாற்றுவது எப்படி?



ரெட்டியார்பாளையத்தில் ஒரு வீடு. மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். சென்டாக் விண்ணப்பம் போட வேண்டும். வீட்டில் இருந்தது ஏழு வருடப் பழைய லேப்டாப். பட்டனை அழுத்திவிட்டுத் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் திரை முழுதாக வந்திருக்காது. "புதுசு வாங்க வசதியில்லை, இதையே சரிபண்ணிப் பார்ப்போம்" என்று உம்மா கடைக்குக் கொடுத்தனுப்பினார். கடைக்காரர் எஸ்.எஸ்.டி. போட்டுக் கொடுத்தார். அரை நிமிடத்தில் திரை வந்தது. விண்ணப்பமும் நேரத்துக்குள் போய்விட்டது.

ஒரு வாரம் கழித்துத்தான் உம்மாவுக்கு நினைவு வந்தது. காலஞ்சென்ற அத்தாவின் உம்ரா பயணப் படங்களும், பேத்திக்கு அவர் பேசி அனுப்பிய குரல் பதிவுகளும் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை. கடைக்குப் போய்க் கேட்டால், "பழசை எடுத்துக்கிட்டுத்தானே விலையைக் குறைச்சேன், அது எப்பவோ போயிடுச்சு" என்றார்கள். கடைக்காரர் ஏமாற்றவில்லை. இவர்கள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

குறைந்த செலவில் பழைய லேப்டாப்பை இன்னும் சில வருடம் ஓட்ட இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் வரிசை தவறினால் பணத்தால் மீட்க முடியாதது போய்விடும். அந்த வரிசையைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

1. லேப்டாப் ஏன் மெதுவாகிறது?

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே ஒரு வட்டத் தட்டு சுற்றுகிறது. அதன்மேல் ஒரு ஊசிமுனை நகர்ந்து நகர்ந்து படிக்கிறது. லேப்டாப்களில் பெரும்பாலும் இந்தத் தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும். அதாவது நொடிக்கு 90 சுற்று; ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லிநொடி. தேவையான இடம் ஊசிமுனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். ஊசிமுனை நகரும் நேரத்தையும் சேர்த்தால், ஒரு சின்னத் துண்டைப் படிக்க ஏறக்குறைய 15 மில்லிநொடி ஆகிறது. நொடிக்கு அறுபது, எழுபது துண்டுகள்தான் படிக்க முடியும். விண்டோஸ் திறக்கும்போதோ இங்கொன்றும் அங்கொன்றுமாக ஆயிரக்கணக்கான துண்டுகளைப் படிக்க வேண்டியிருக்கிறது. நாம் காத்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி தட்டு சுற்றுவதற்கும் ஊசிமுனை நகர்வதற்குமே போகிறது.

இந்த முறை புதிதல்ல. ஐ.பி.எம். நிறுவனம் 1956-இல் முதல் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தது. ஐம்பது பெரிய தட்டுகள் கொண்ட அந்த இயந்திரத்தில் அடங்கியது 50 இலட்சம் எழுத்துகள்தான். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அந்த இடம் போதாமல் போகலாம். தட்டு சின்னதாகிவிட்டது, கொள்ளளவு கூடிவிட்டது. சுற்றிச் சுற்றித் தேடும் வேலை மட்டும் மாறவில்லை.

எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டே கிடையாது. பென் டிரைவில் இருப்பதுபோன்ற ஃபிளாஷ் சில்லுகள்தான். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோக்கா என்ற பொறியாளர் 1980-களில் உருவாக்கிய தொழில்நுட்பம் இது. ஒரு துண்டைப் படிக்க இதற்குச் சுமார் 0.1 மில்லிநொடி போதும். தேடும் வேகம் நூறு மடங்குக்கு மேல் கூடுகிறது. அசையும் பாகம் இல்லாததால் சத்தமில்லை. பள்ளிப் பையில் குலுங்கினாலும் அவ்வளவு எளிதில் கெடாது.

2. காசு செலவழிக்கும் முன் சோதியுங்கள்

எல்லா மந்தத்துக்கும் ஹார்ட் டிஸ்க் காரணமில்லை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். லேப்டாப் திணறும் நேரத்தில் அதைப் பாருங்கள்.

• டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம் நின்றுகொண்டே இருந்தால், எஸ்.எஸ்.டி. நிச்சயம் பலன் தரும்.
• மெமரி 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ரேமும் போதவில்லை என்று பொருள். 2 ஜிபி ரேம் உள்ள கருவிக்கு எஸ்.எஸ்.டி. மட்டும் போட்டால் பாதி பலன்தான்.
• சிபியு எப்போதும் 100-இல் நின்றால், வைரஸ், வெப்பம் அல்லது பழைய பிராசசர் காரணமாக இருக்கலாம். அதை முதலில் பாருங்கள்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து "டிக் டிக்" என்று புதுச் சத்தம் வருகிறதா? கோப்புகள் திறக்க மறுக்கின்றனவா? அப்படியானால் அது கெட்டுக்கொண்டிருக்கிறது. வேறு எந்த வேலைக்கும் முன்னால் முக்கியமான கோப்புகளை இன்றே நகல் எடுங்கள்.

3. நம் வீடுகளில் உள்ள லேப்டாப்கள்

கடலூர், விழுப்புரம் பக்கமிருந்து இங்கே வாழ வந்த சகோதரிகள் பலரிடம் தமிழக அரசு கொடுத்த லேப்டாப் இருக்கிறது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தொடங்கிய அத்திட்டத்தில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. ஆரம்பத் தொகுப்புகளில் 2 ஜிபி ரேமும் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன. விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. பல வீடுகளில் அவை பரணில் கிடக்கின்றன. பேட்டரி போயிருக்கும், மற்றபடி உயிர் இருக்கும். சார்ஜரில் போட்டுப் பாருங்கள். எழுந்துகொண்டால் அது குப்பை அல்ல.

4. எந்த எஸ்.எஸ்.டி. பொருந்தும்?

• 2.5 அங்குல சாட்டா: பழைய லேப்டாப்களில் ஹார்ட் டிஸ்க் இருந்த அதே இடத்தில் பொருந்தும். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன் இருக்கலாம், எஸ்.எஸ்.டி. 7 மில்லிமீட்டர். ஆடினால் ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைத்துக்கொள்ளலாம்.
• எம்.2: சூயிங்கம் பட்டை போன்ற வடிவம். இதில் சாட்டா வகையும் என்.வி.எம்.இ. வகையும் உண்டு. பார்க்க ஒன்றுபோல் இருக்கும். ஒன்றுக்கான இடத்தில் மற்றொன்று வேலை செய்யாமல் போகலாம். லேப்டாப்பின் மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.
• இ.எம்.எம்.சி.: சில மலிவு லேப்டாப்களில் சேமிப்புச் சில்லைப் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள். அதைக் கழற்றி மாற்ற முடியாது.

படிப்புக்கும் விண்ணப்பத்துக்கும் 240 அல்லது 256 ஜிபி போதும். படங்கள், வீடியோ நிறைய என்றால் 500 ஜிபி பாருங்கள். "பழைய லேப்டாப்பில் முழு வேகம் வராது" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். மிகப் பழைய கருவிகளின் சாட்டா இணைப்பு, புதிய எஸ்.எஸ்.டி.யின் வேகத்தில் பாதிதான் தாங்கும். ஆனால் அந்த வித்தியாசம் பெரிய கோப்புகளை நகர்த்தும்போதுதான் தெரியும். தினசரி வேலையில் நமக்குத் தேவையான தேடும் வேகம் அப்படியே கிடைத்துவிடும்.

ஆயுள் பற்றிய பயமும் தேவையில்லை. அட்டையில் டி.பி.டபிள்யூ. என்று ஒரு எண் இருக்கும். மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்பதற்கான கணக்கு அது. 80 என்று இருந்தால், தினம் 20 ஜிபி எழுதினாலும் வருடத்துக்கு 7.3 டெராபைட்தான், பத்து வருடத்துக்கு மேல் வரும்.

நேரு வீதியில் வாங்கினாலும், வேறெங்கே வாங்கினாலும் இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள். உத்தரவாத அட்டையும் பில்லும் இல்லாமல் வாங்காதீர்கள். பெயர் தெரியாத கம்பெனி, பெரிய கொள்ளளவு, அடிமட்ட விலை மூன்றும் சேர்ந்து வந்தால் விலகிக்கொள்ளுங்கள். 2 டெராபைட் என்று காட்டிவிட்டு, கொஞ்சம் எழுதியதும் பழையதை அழித்துவிடும் போலிகள் சந்தையில் உண்டு.

5. வேலை வரிசை

முதல் படி, நகல். படங்கள், சான்றிதழ் ஸ்கேன்கள், குரல் பதிவுகள், டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் உள்ள கோப்புகள் எல்லாவற்றையும் பென் டிரைவிலோ வெளி டிஸ்க்கிலோ எடுங்கள். எடுத்தபின் வேறொரு கணினியில் நான்கைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நகலாகக் கணக்கில் வைக்காதீர்கள். பாஸ்வேர்டுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புக் குறியீட்டை எழுதி வையுங்கள்.

இரண்டாம் படி, வழியைத் தேர்ந்தெடுங்கள். குளோன் செய்தால் பழைய டிஸ்க்கில் உள்ளது அப்படியே புதியதில் வரும். இதற்கு யு.எஸ்.பி. - சாட்டா கேபிளும், குளோன்சில்லா போன்ற இலவச மென்பொருளும் போதும். எது மூலம், எது இலக்கு என்பதை இரண்டு முறை பாருங்கள். மாற்றிக் கொடுத்துவிட்டால் காலியான டிஸ்க் நிறைந்த டிஸ்க்கை அழித்துவிடும். வைரஸும் குப்பையும் சேர்ந்த கருவி என்றால் குளோன் வேண்டாம். புதிதாக இன்ஸ்டால் செய்வதே நல்லது. கருவியோடு வந்த அசல் விண்டோஸ் உரிமம் பொதுவாகப் பலகையோடு இணைந்தது. டிஸ்க்கை மாற்றினாலும் அது போகாது.

மூன்றாம் படி, பொருத்துதல். லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரை எடுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், உள்ளே இருந்தால் அதன் இணைப்பை விடுவியுங்கள். உலோகம் ஒன்றைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூக்களை ஒரு கிண்ணத்தில் கலந்து போடாமல், எந்த இடத்து ஸ்க்ரூ எது என்று காகிதத்தில் வரைந்து ஒட்டி வையுங்கள். நீளமான ஸ்க்ரூவைத் தவறான இடத்தில் முறுக்கினால் பலகை கெடும். பழைய டிஸ்க்கைப் பக்கவாட்டில் மெதுவாக இழுத்தெடுத்து, அதன் சட்டத்தை எஸ்.எஸ்.டி.க்கு மாட்டி, அதே இடத்தில் செருகுங்கள். ரேம் சேர்ப்பதானால் இப்போதே சேருங்கள். டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 ஒன்றுக்கொன்று பொருந்தாது.

நான்காம் படி, சோதனை. எஸ்.எஸ்.டி.யின் அளவு சரியாகக் காட்டுகிறதா, வைஃபை, கேமரா, ஒலி வேலை செய்கின்றனவா பாருங்கள். ஹார்ட் டிஸ்க்குக்குச் செய்யும் டிஃபிராக் வேலையை இதற்குச் செய்ய வேண்டாம்.

6. விண்டோஸ் 10 பற்றி ஒரு எச்சரிக்கை

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ரேம், டி.பி.எம். 2.0, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். நம் பழைய கருவிகள் பலவற்றில் இது இருக்காது. எஸ்.எஸ்.டி. போட்டாலும் இந்தத் தகுதி வராது. அப்படிப்பட்ட கருவிக்கு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் பொருத்தமானது. உலாவி, தமிழ் எழுத்து, கடிதம் அடிக்க லிப்ரே ஆபீஸ் எல்லாம் அதில் உண்டு. விண்ணப்பமும் ஆன்லைன் வகுப்பும் உலாவியில் நடப்பவைதான். விண்டோஸ் மட்டுமே ஏற்கும் மென்பொருள் தேவைப்படும் மாணவர்கள் முதலில் கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

7. பழைய டிஸ்க்கை என்ன செய்வது?

கடையில் கொடுத்துச் செய்தாலும், "பழைய ஹார்ட் டிஸ்க் எனக்கு வேண்டும்" என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். நூறு, இருநூறு ரூபாய்க் கழிவுக்காக விட்டுவிடாதீர்கள். அதில் நம் வீட்டுப் பெண்களின் படங்கள், ஆதார் நகல், வங்கி விவரம் எல்லாம் இருக்கும். ஃபார்மேட் செய்த ஹார்ட் டிஸ்க்கிலிருந்தும் கோப்புகளை மீட்டெடுக்க முடியும். ஒருவர் லேப்டாப்பை நம்பிக் கொடுக்கும்போது உள்ளே இருப்பதும் அமானிதம்தான். பழுது பார்க்கும் நம் தம்பிகளும் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

குறைந்தது மூன்று மாதம் பழைய டிஸ்க்கை அப்படியே அலமாரியில் வையுங்கள். எதுவும் விடுபடவில்லை என்று உறுதியானபின், நல்ல நிலையில் இருந்தால் ஒரு வெளி உறை வாங்கி அதையே நகல் டிஸ்க்காகப் பயன்படுத்தலாம். எஸ்.எஸ்.டி.யில் அழிந்த கோப்பை மீட்பது ஹார்ட் டிஸ்க்கைவிடக் கடினம். மின்சாரமே இல்லாமல் வருடக்கணக்கில் வைத்தால் அதில் உள்ளது மங்கவும் கூடும். ஆகவே எஸ்.எஸ்.டி. வந்த வீட்டில் இரண்டாவது நகல் கட்டாயம். கெட்டுப்போன டிஸ்க்கைக் குப்பை வண்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

நீங்களே பதில் சொல்லிப் பாருங்கள்

1. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 20 சதவீதம், மெமரி 95 சதவீதம். முதலில் எதை வாங்குவீர்கள்?
2. குளோன் பட்டனை அழுத்தும் முன் இரண்டு முறை பார்க்க வேண்டியது எது?
3. கடையில் லேப்டாப்பைக் கொடுக்கும்போது சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் என்ன?

அந்த வீட்டுப் பெண் இப்போது கல்லூரிக்குப் போகிறாள், அதே லேப்டாப்பில்தான் படிக்கிறாள். அத்தாவின் படங்களில் மூன்று மட்டும், ஒரு சொந்தக்காரரின் கைபேசியில் இருந்து கிடைத்தன. குரல் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டு லேப்டாப்பை இன்றிரவு திறந்து, வேறெங்கும் இல்லாத கோப்புகள் எவை என்று பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம், இன்ஷா அல்லாஹ்.