தெளிந்த நீரும் தெரியாத உயிரும்

"நீர் தெளிவாக இருக்கிறது, குளோரின் மணமும் வீசுகிறது, இன்னும் என்ன அச்சம்?" என்று விடுதித் தோழர்கள் என்னைக் கேட்பதுண்டு. நுண்ணுயிரியல் பயிலும் மாணவன் என்ற முறையில் நான் அவர்களுக்குக் கூறும் விடையே இக்கட்டுரை.

நீர்வழிப் பரவும் குடல் ஒட்டுண்ணிகளுள் ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் என்னும் இரண்டினை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். உடலை விட்டு மலத்தோடு வெளியேறும்போது இவை உறுதியான உறைக்குள் அடங்கிவிடுகின்றன. முன்னதன் உறை 8 முதல் 12 மைக்ரான் நீளம். பின்னதன் உறை 4 முதல் 6 மைக்ரானே. ஆயிரம் மைக்ரான் சேர்ந்தது ஒரு மில்லிமீட்டர் என்பதை நினைவிற் கொள்க.

குடிநீர்ச் சோதனையில் வழக்கமாகத் தேடப்படுவது கோலிஃபார்ம் பாக்டீரியா. அது இருப்பின் மலம் கலந்திருக்கலாம் என்பது குறிப்பு. ஆனால் குளோரின் அதனை எளிதிற் கொன்றுவிடும். கிரிப்டோஸ்போரிடியத்தின் உறையையோ வழக்கமான அளவு குளோரின் அசைப்பதில்லை. சாட்சி மாள்கிறான், குற்றவாளி தப்பிவிடுகிறான்!

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1993-ஆம் ஆண்டு நிகழ்ந்தது இதுவே. மிச்சிகன் ஏரி நீரைச் சுத்திகரித்த நிலையமொன்றில் வடிகட்டும் திறன் குன்றி, நீரின் கலங்கல் உயர்ந்தது. கோலிஃபார்ம் சோதனை குறை காட்டவில்லை. ஆயினும் ஏறத்தாழ 4 லட்சம் பேர் வயிற்றுப்போக்கால் வருந்தினர். அந்நாட்களில் அந்நீரால் செய்து வைத்திருந்த பனிக்கட்டியை உருக்கி ஆராய்ந்தபோது ஒட்டுண்ணி அகப்பட்டது.

அதனை எவ்வாறு காண்பது? ஒரு துளி நீரை நுண்பெருக்கியில் வைத்துப் பயனில்லை. பத்து லிட்டரோ அதற்கு மேலோ நீரை நுண்ணிய வடிகட்டியிற் செலுத்துவர். தங்கியதைக் கழுவியெடுத்து, விரைவாகச் சுழற்றி, வண்டலைத் திரட்டுவர். ஒட்டுண்ணியை மட்டும் பற்றும் எதிர்ப்பொருள் பூசிய காந்த மணிகளை அதில் கலந்து, காந்தத்தால் இழுத்துப் பிரிப்பர். பின்னர் ஒளிரும் சாயமேற்றி நோக்கினால், கரும்புலத்தில் பச்சை நிற உறைகள் சுடர்விடும்.

இம்முறைக்கும் குறையுண்டு. ஒவ்வொரு படியிலும் சில உறைகள் நழுவிவிடும். ஆகவே "காணவில்லை" என்பது "இல்லை" என்றாகாது. கண்ட உறை உயிருள்ளதா என்பதையும் இது கூறாது.

இத்தகைய சோதனை விடுதிக் குழாயில் நாள்தோறும் நடைபெறுவதன்று. எனவே, குமிழியிட்டுப் பொங்கிய பின்னும் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்த நீரைப் பருகுங்கள். அவ்வாறு பருகியபின், கடைத்தெருச் சர்பத்தில் மிதக்கும் பனிக்கட்டி எந்த நீரால் ஆனது என்றும் சற்றே எண்ணிப் பாருங்கள்.