வெரோனா கற்பிக்கும் பாடம்

அறிவியல் பயிலும் மாணவனுக்கு வரலாறு எதற்கு என்று நண்பர் சிலர் என்னைக் கேட்பதுண்டு. ஒரு பொறியின் உள்ளமைப்பு அது உடையும்போதுதான் நன்கு தெரியும். ஆட்சிகளும் அப்படியே. இத்தாலியப் பாசிச ஆட்சி உடைந்த வரலாற்றை இந்த நோக்கிலே சிறிது காண்போம்.

1922-இல் ஆட்சியைப் பிடித்த முசோலினி, 1926-க்குள் எதிர்க்கட்சிகளை ஒழித்துவிட்டார். 1928-ஆம் ஆண்டுச் சட்டம் பாசிசப் பெருமன்றத்தை அரசின் உயர்ந்த அமைப்பாக்கியது. பெயரளவில்தான் அது பெருமன்றம். 1939 டிசம்பருக்குப் பின் மூன்றரை ஆண்டுகள் அது கூடவே இல்லை. 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும் அதைக் கேட்டு அன்று.

1943 ஜூலை 10-ஆம் நாள் நேச நாட்டுப் படைகள் சிசிலித் தீவில் இறங்கின. 19-ஆம் நாள் ரோமாபுரி குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. 24-ஆம் நாள் மாலை பெருமன்றம் கூடியது. படைகளின் தலைமையை மன்னரே மீண்டும் ஏற்க வேண்டும் என்ற தீர்மானத்தைக் கிராந்தி என்பவர் கொண்டுவந்தார். நள்ளிரவு கடந்தும் விவாதம் நீண்டது. அத்தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விட்டவர் முசோலினியேதான். 28 பேரில் 19 பேர் அதை ஆதரித்தனர். அவர்களுள் ஒருவர், முசோலினியின் மகளை மணந்தவரும் முன்னாள் வெளிநாட்டு அமைச்சருமான சியானோ. மறுநாள் மாலை மன்னர் முசோலினியைப் பதவியிலிருந்து நீக்கிக் காவலில் வைத்தார்.

செப்டம்பர் 12-இல் ஜெர்மானியர் அவரை மீட்டனர். அவர்கள் படையின் நிழலில் வட இத்தாலியில் புதிய பாசிச அரசு எழுந்தது. வாக்களித்த 19 பேரையும் விசாரிக்கவே தனி நீதிமன்றம் ஒன்று அமைந்தது. 1944 ஜனவரி 8-இல் வெரோனா நகரில் விசாரணை தொடங்கியது. மூன்றே நாளில் முடிந்தது. பதினெண்மருக்கு மரண தண்டனை. அவருள் 13 பேர் கையில் சிக்காதவர். சிக்கியவருள் சியானெட்டி என்பவர் மட்டும் 30 ஆண்டுச் சிறையோடு உயிர் தப்பினார். வாக்களித்த மறுநாளே தம் வாக்கைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் எழுதியிருந்தார் அவர்! ஏனைய ஐவரின் கருணை மனுக்கள் முசோலினியின் கைக்குப் போகாமலே தள்ளப்பட்டன. 11-ஆம் நாள் காலை ஐவரையும் நாற்காலிகளில் கட்டி, முதுகுப்புறமாகச் சுட்டனர்.

கூட்டியவர் தலைவர், கேட்டவரும் தலைவர். கேட்ட கேள்விக்கு விடை சொன்னது பின்னர் துரோகமாயிற்று. செயல் நடந்த பிறகே நீதிமன்றம் பிறந்தது. ஜெர்மனியிலும் இதே முறைதான். 1934 ஜூன் 30 முதல் ஹிட்லர் தம் கட்சியின் ரோமையும் பிறரையும் கொல்வித்தார். அக்கொலைகள் சட்டப்படி சரியே என்ற சட்டம் ஜூலை 3-இல் வந்தது.

சுடப்பட்ட ஐவரும் குற்றமற்றவரோ? அல்லர். 1924-இல் எதிர்க்கட்சித் தலைவர் மத்தேயோத்தி கொலையுண்டபோது காவல்துறைத் தலைவராக இருந்தவர் டி போனோ. அவ்வழக்கில் சிறை சென்று மீண்டவர் மரினெல்லி. பிறர்க்குச் சட்டத்தின் காப்பு இல்லாமற் போனபோது இவர்கள் ஆட்சியின் பக்கம் நின்றனர். இருபது ஆண்டுகள் கழித்துத் தமக்கே அக்காப்பு தேவைப்பட்டபோது அது நாட்டில் இல்லை.

கொதிகலனுக்குக் காப்பு வால்வு எப்படியோ, அப்படியே ஆட்சிக்கு மாற்றுக் கருத்தும் தேர்தலும். வால்வை அடைத்தவர் நீராவியை அழித்தவர் ஆகார். தலைவரை முறைப்படி மாற்ற வழியில்லாத இடத்தில் ஒவ்வொரு மாற்றமும் சதியாகவே வரும். ஒவ்வொரு சதிக்குப் பின்னும் களையெடுப்பும் வரும்.

ஊர்விட்டு வந்து சிறு சங்கம் நடத்தும் நமக்கும் இதிலே ஒரு சொல் உண்டு. பொதுக்குழுவில் செயலாளரிடம் கணக்குக் கேட்பவரை ‘இனப்பற்றில்லாதவர்’ என்று அடக்காதிருப்போம். எதிர்த்துக் கை தூக்கிய நண்பர் மறுநாளும் அச்சமின்றி நம்மோடு அமர்ந்து உண்ண வேண்டும். அந்தப் பழக்கத்தைச் சிறிய மன்றங்களில் கற்றால்தான் பெரிய மன்றங்களிலும் அது நிலைக்கும்.