பூசை செபங்களை எழுதுவது யார்?

கேள்வி: சம்பா கோவிலில் தமிழ்ப் பூசையில் சொல்லும் செபங்களைப் பங்குச் சாமியாரே எழுதிக்கொள்வாரா?
– வாசகர், மிஷன் வீதி, புதுச்சேரி

பதில்: இல்லை. மறையுரையும் விசுவாசிகளின் மன்றாட்டும் அந்தந்தப் பங்கில் தயாராகலாம். மற்றபடி செபங்கள் எல்லாம் பூசைப் புத்தகத்தில் உள்ளபடிதான். அதன் மொழிபெயர்ப்பை ஆயர்கள் ஏற்க வேண்டும். ரோமாபுரியும் உறுதி செய்ய வேண்டும். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழிக்கு வழிவிட்டது. அதுவரை லத்தீன்தான்.

இந்த வழிபாட்டுப் பணிக்கெனத் தனி நிறுவனங்கள் உண்டு. ஜெர்மனிக்கு டிரியர் நகரில், 1947 முதல். தமிழகத் திருச்சபைக்கு உங்கள் பக்கத்துத் திண்டிவனத்திலேயே விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நடுநிலையம் இருக்கிறது. 1995இல் 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பை வெளியிட்டதும் அதுதான்.

இந்திய அளவில் இதே பணிக்கான பெங்களூரு மையத்தை 1967இல் தொடங்கியவர் உங்கள் மறைமாவட்டக் குருவான அமலோர்பவதாஸ் அடிகள். இந்தியப் பண்பாட்டுக்கு ஏற்ப, பூசையில் முழந்தாளிடுவதற்குப் பதில் கைகூப்பி வணங்குவது, மெழுகுவர்த்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு, ஆரத்தி என 12 மாற்றங்களுக்கு 1969இல் ரோமாபுரி அனுமதி தந்தது. 'இந்து மயமாக்கல்' என்று எதிர்ப்பும் கிளம்பியது. இவற்றில் எதை ஏற்பது என்பது அந்தந்த ஆயரின் முடிவு. ஊருக்கு ஊர் வழக்கம் மாறுவது அதனால்தான்.