குளிர்நாட்டு வெயில்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இல்ல விளையாட்டுப் போட்டியன்று பகல் முழுவதும் மைதானத்தில் நின்றதாகவும், ஹட்டன் காற்று குளிர்ந்திருந்தபடியால் வெயிலைப் பொருட்படுத்தவில்லை என்றும், இரவில் மூக்கும் கன்னமும் பிடரியும் எரியத் தொடங்கியதாகவும் எழுதி, குளிரும் இடத்தில் வெயில் எப்படிச் சுடும் என்று கேட்டிருக்கிறாய்.

தேகம் உஷ்ணமாக உணரும் கதிர் வேறு, தோலைப் பொசுக்கும் கதிர் வேறு. 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியல் விற்பன்னர், நிறம்நிறமாகப் பிரிந்த சூரிய ஒளியில், சிவப்புக்கு அப்பால் ஒன்றுமே புலப்படாத இடத்தில் வெப்பமானியை வைத்தபோது அது ஏறக் கண்டார். மறு ஆண்டே ஜெர்மனியில் ரிட்டர் என்பவர், ஊதாவுக்கு அப்பால் வெறுமை என்றே தோன்றிய இடத்தில் வெள்ளிக் குளோரைட்டு விரைந்து கறுப்பதைக் கண்டார். முன்னது செங்கீழ்க் கதிர். பின்னது கழியூதாக் கதிர். உன் கன்னத்தைப் பதம் பார்த்தது இந்தப் பின்னதே. அது படும்போது சரீரம் அறிவதில்லை. சில மணி நேரம் கழித்து எரிச்சல் கண்ட பிறகே அறிகிறது.

உன் ஹட்டனைப் போலவே மலைநாட்டிலுள்ள நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வோர் 1,000 மீற்றர் ஏறும்போதும், கதிரை வடிகட்டும் வாயுமண்டலம் மெலிவதால், கழியூதாவின் வலிமை ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து வீதம் கூடுகிறது. மெல்லிய மேகமும் பனிமூட்டமும் அதில் பெரும்பகுதியைத் தடுப்பதில்லை. போதாக்குறைக்குச் சித்திரைப் புத்தாண்டை அண்டிய நாட்களிலும், மறுபடி ஆவணியிலும், நண்பகற் சூரியன் நம் உச்சிக்கு நேரே வந்து நிற்கிறது. அந்தச் சித்திரையில்தான் கொழும்பு ஜனங்கள் வசந்தகாலக் கொண்டாட்டத்துக்கென்று மலையேறி, சுவெட்டரை மறவாமல் அணிந்து, தொப்பியை மட்டும் மறந்து உலாவுகிறார்கள்.

மலையில் கொழுந்தெடுக்கும் நம் பெண்களைக் கவனித்துப் பார். கூடைக்கயிறு தலையில் உறுத்தாமலிருக்க மடித்துப் போட்ட துணி பிடரிவரை இறங்கி நிற்கிறது. செடி கீறாமலிருக்கப் போட்ட முழுக்கைச் சட்டையும், இடுப்பில் கட்டிய படங்கும் ஏனைய அங்கங்களைக் காக்கின்றன. வேறு காரணங்களுக்காக வந்த உடையாயினும் வெயிலுக்கும் அது நல்ல கவசமே. முகமும் புறங்கையும் மாத்திரம் ஆண்டுக்கணக்கில் வெயிலுக்கு இரையாகின்றன. தேயிலைக்கு நிழல்மரம் நட்டு வளர்க்கும் தோட்டம், அதைப் பறிப்பவளுக்கு விளிம்பகன்ற தொப்பி ஒன்று கொடுப்பதை வீண்செலவாகக் கருதுமாயின், அதை நான் நியாயமென்று ஒப்பமாட்டேன்.

கறுத்த மேனிக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்பாரை நம்பாதே. மெலனின் என்னும் நிறப்பொருள் ஓரளவு காக்குமேயன்றி முற்றாகக் காப்பதில்லை. நிழலைப் பார்த்துக்கொள்: உன் நிழல் உன்னைவிடக் குட்டையாக இருக்கும் வேளையில் வெயில் கடுமையானது, அப்போது குடையோ, நெருக்கமாய் நெய்த முழுக்கைச் சட்டையோ, அகன்ற தொப்பியோ துணையாகட்டும். காப்புக் களிம்பு வாங்க வசதியிருந்தால் எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாததை வாங்கி, வெளியே போகுமுன் தாராளமாகப் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசவேண்டும். ஒருவர் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு அது எட்டாதென்பதை அறிவேன், ஆகவே துணியையே முதலாவதாகச் சொன்னேன். சிவப்பழகு தருவதாகக் கடைகளில் விற்கும் களிம்புகளைத் தொடாதே. அவற்றுட் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பதுண்டு, அது சிறுநீரகத்துக்குக் கேடு. எரியும் இடத்தில் பற்பசை தடவாமல், குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வை. கொப்புளம் கண்டால் உடைக்காதே, ஆஸ்பத்திரிக்குப் போ.

இன்னொன்று. அடுத்த போட்டிக்கு முன் உங்கள் அதிபரைக் கண்டு, ஓட்டப் பந்தயங்களைக் காலை பத்து மணிக்குள் முடித்து, அணிவகுப்பைப் பிற்பகல் மூன்றுக்குப் பின் வைக்கமுடியுமா, பிள்ளைகள் இருக்கும் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையாவது போடமுடியுமா என்று பணிவாகக் கேள்.

இப்படிக்கு,
உன் மாமா