தேமலும் படர்தாமரையும்

தேமல், படை, படர்தாமரை, சேற்றுப்புண் எனத் தோலிலே தோன்றும் நோய்கட்கு நம் முன்னோர் இட்ட பெயர்கள் பல. கண்ணாற் கண்ட நிறத்தையும் வடிவையும் இடத்தையுங் கொண்டு எழுந்த பெயர்கள் அவை. மழைக்காலத்துப் பாணின்மேற் பூக்கும் பூஞ்சணமும், உக்கிய மரத்திலே முளைக்குங் காளானும் எவ்வினத்தைச் சேர்ந்தனவோ, அவ்வினத்து நுண்ணுயிர்களே இந்நோய்களிற் பெரும்பாலானவற்றுக்குங் காரணமாவன. நமது பாடநூல்கள் இவ்வினத்தைப் பங்கசு என்கின்றன. தமிழகத்தார் பூஞ்சை என்பர்.

மருத்துவம் நமது துறையன்று. நம் கல்லூரியிற் பயின்று மருத்துவராயினோர்க்கு ஈண்டு நாம் கூறுவன பழங்கதையாகத் தோன்றலுங் கூடும். ஆயினும் பெயர் வேறு, பொருள் வேறு என்பதை உணர்த்தும் பொறுப்பு மொழியாசிரியர்க்கும் உண்டு. இந்நோய்களின் வகையிலே பெயரைப் பொருளென மயங்கியதால் விளைந்த துன்பம் சிறிதன்று.

முதலிலே தேமலை எடுத்துக்கொள்வோம். கழுத்து, மார்பு, முதுகு, தோள் ஆகிய இடங்களிலே வெளிறிய அல்லது பழுப்பு நிறமான புள்ளிகள் தோன்றி, ஒன்றோடொன்று கூடிப் பரவும். நகத்தாற் சுரண்டினால் தவிடுபோன்ற மெல்லிய செதில் உதிரும். இதற்குக் காரணமான மலசீசியா என்னும் பங்கசு புறத்தேயிருந்து வந்து புகுவதன்று. ஏறத்தாழ நம் எல்லோருடைய தோலிலும் எண்ணெய்ப்பசையை உண்டு வாளா கிடப்பது. வெப்பமும் வியர்வையும் மிகுமிடத்துச் சிலருடைய தோலிலே அது இழையாக வளர்ந்து நிறத்தைக் கெடுக்கின்றது. ஆகவே இஃது அழுக்கினால் வருவதுமன்று. ஒருவரைத் தீண்டுவதால் மற்றொருவர்க்குத் தொற்றுவதுமன்று. ஆயினும் 'அழுக்குத் தேமல்' என்றொரு வழக்கு நம்மிடையே உளது. அச்சொல் செய்யும் அநீதியை வகுப்பறையிலே நாம் பலமுறை கண்டிருக்கிறோம். கழுத்திலே தேமலுள்ள மாணவன் சித்திரை வெயிலிலும் மேற்பொத்தானைக் கழற்றாதிருப்பான். அவனோடு ஒரே வாங்கில் அமரப் பிறர் தயங்குவர். (சங்கப்புலவர் மகளிர் மேனியிற் புகழ்ந்த சுணங்கு என்பதற்கு உரைகாரர் தேமல் என்றே பொருளுரைப்பர். அவ்வழகுத் தேமல் வேறு, இத்தேமல் வேறு என்று மாணவர்க்கு விளக்க நேர்ந்தபோது வகுப்பிலே எழுந்த நகைப்பினையும் ஈண்டுக் குறிப்பிடலாம்.)

இதனினுங் கொடிது, தேமலைத் தொழுநோயென அஞ்சுதல். தொழுநோயின் மறுவிலே உணர்ச்சி குன்றியிருப்பது பெருவழக்கு. பஞ்சினை முறுக்கி அதன் நுனியால் தொட்டால் நோயாளி அறியமாட்டார். தேமலிலோ உணர்ச்சி சற்றுங் குன்றாது. பால்போல் வெளுத்துச் செதிலின்றிக் காணப்படும் வெண்குட்டமோ இவ்விரண்டும் அன்று. அது பெயரளவிலேதான் குட்டம், தொற்றுநோயன்று. உணர்ச்சியற்ற மறு எதுவாயினும் தாமதியாது மருத்துவரிடங் காட்டல் வேண்டும். தொழுநோயும் இக்காலத்திலே மாத்திரைகளால் முற்றாகத் தீர்க்கப்படுவதே.

தேமலுக்கு மருந்து எளிது. செலீனியம் சல்பைட்டு அல்லது கீற்றோக்கோனசோல் சேர்ந்த தலைமுழுகு திரவத்தைத் தோலிற் பூசிச் சிறிதுநேரங் கழித்துக் கழுவும்படி மருத்துவர் சொல்லுவர். பங்கசு அழிந்த பின்னரும் தோல் தன் பழைய நிறத்தைப் பெறச் சில மாதங்கள் செல்லும். அதுவரை பொறாதவர்கள் மருந்து பலிக்கவில்லையென்று கடைக்குக் கடை அலைவர்.

இனிப் படர்தாமரை. இதனை விளைப்பவை தோல், மயிர், நகம் ஆகியவற்றிலுள்ள கெரற்றின் என்னும் புரதத்தை உண்டு வாழும் பங்கசுகள். இவை தொற்றுவன. நடுவிலே ஆறியும், விளிம்பிலே சிவந்து தடித்துச் செதிலுற்றும் வட்டமாகப் பெருகுவதே இதன் அடையாளம். ஆயின் வட்டமானவையெல்லாம் படர்தாமரையல்ல. கரப்பானும் சில வேளைகளில் வட்டமாகத் தோன்றும். சொரியாசிசு என்னுஞ் செதில்நோயும் அவ்வாறே. நம் மக்களோ இவை யாவற்றையும் 'படை' என்ற ஒரு சொல்லால் அடக்கிவிடுவர். சொல் ஒன்றாயிருப்பதால் மருந்தும் ஒன்றாயிருக்குமென எண்ணுவதே இங்கு நேரும் பிழை.

இம்மயக்கத்தைத் தீர்க்கும் முறை பெருஞ்செலவினதன்று. மருத்துவர் கூர்மழுங்கிய அலகினால் வட்டத்தின் விளிம்பிலே சுரண்டுவார். பங்கசு உயிர்ப்புடன் வளர்வது விளிம்பிலேதான். உதிர்ந்த செதிலைக் கண்ணாடித் தட்டில் இட்டு, பத்து வீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் ஒரு துளி விடுவர். சிறிது நேரத்திலே தோற்கலங்கள் கரைந்து தெளிய, பங்கசு மாத்திரங் கரையாது நிற்கும். நுணுக்குக்காட்டியில் நோக்கினால், கணுக்கணுவாய்க் கிளைத்த நூல்கள் தோன்றும். தேமலின் செதிலாயின் இடியப்பத் துண்டுகளுங் கடலையுங் கலந்து கிடப்பதுபோலக் குறுகிய இழைகளும் உருண்டை வித்திகளுங் காணப்படும். பங்கசின் இனத்தை அறியவேண்டின் செதிலை வளர்ப்பூடகத்தில் இட்டு இரண்டு முதல் நான்கு வாரம் காத்திருத்தல் வேண்டும். அவ்வூடகத்துக்கு இன்றும் பிரான்சிய மருத்துவராகிய சபூரோவின் பெயரே வழங்குகின்றது.

இவ்வாராய்ச்சியிலே நம் நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. 1903ஆம் ஆண்டு முதல் 1915ஆம் ஆண்டு வரை கொழும்பிலே பணிபுரிந்த அல்டோ கஸ்தெல்லானி என்னும் இத்தாலிய மருத்துவர், 1910இல் தோற்பங்கசொன்றை விவரித்தார். வளர்ப்பூடகத்திலே செந்நிறங் காட்டுவதால் அதற்கு இலத்தீனிலே சிவப்பென்னும் பொருள்பட 'ரூப்ரம்' என்று பெயரிட்டார். உலகெங்கும் கால்விரலிடுக்கிலும் நகத்திலும் வரும் பங்கசு நோய்க்குத் தலையாய காரணம் இன்று அதுவே.

பற்றீரியாவைக் கொல்லும் பெனிசிலின் போன்றவை பங்கசினிடத்திலே பயன்படா. பங்கசின் கலம் அமைப்பிலே நமது கலத்தை ஒத்தது. அதனைக் கொல்வது நம்மையுந் தாக்காதிருக்கவேண்டும். பங்கசின் கலச்சுவரை அடுத்த மென்சவ்விலே எர்கொஸ்திரோல் என்னும் பொருள் உளது. நம் கலங்களிலோ அதன் இடத்திலே கொலஸ்திரோல் உளது. இவ்வொரு வேறுபாட்டைப் பற்றியே இக்கால மருந்துகள் பலவும் தொழிற்படுகின்றன. குளோட்ரிமசோல், மைக்கோனசோல், தேர்பினபின் முதலிய களிம்புகளை வட்டத்துக்கு அப்பாலும் இரண்டு விரலளவு பூசவேண்டும். அரிப்பு நின்ற அன்றே விட்டுவிடாது, மருத்துவர் குறித்த இரண்டு முதல் நான்கு வாரமும் பூசுதல் இன்றியமையாதது. சீமையகத்தி இலையை அரைத்துப் பூசும் நம் பாட்டிமார் வழக்கத்தை நாம் இகழமாட்டோம். அவ்விலையிலே பங்கசை எதிர்க்கும் பொருள்கள் உள்ளனவென ஆய்வுகளுங் காட்டியுள்ளன. ஆனால் பரவிய நோய்க்கு அதனை நம்பியிருத்தல் தகாது.

மிகுந்த கேடு விளைப்பது வேறொன்று. கடையிலே சீட்டின்றி வாங்கும் கலப்புக் களிம்புகள் பலவற்றிலே பங்கசு மருந்தோடு பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்ற வலிய ஸ்டீரோயிட்டுகளும் கலந்துள்ளன. பூசிய இரண்டாம் நாளே அரிப்பும் சிவப்பும் அடங்கும். 'நல்ல மருந்து' என்று அயலவர்க்குஞ் சொல்லுவர். அடங்கியது நோயன்று, நோயை எதிர்த்த உடலின் போரே. தடையின்றிப் பங்கசு பரவும். வட்டத்தின் வடிவுங் கெட்டு, தேர்ந்த மருத்துவரும் கண்ணால் அறிய இயலாத உருவம் பெறும். தொடை, அக்குள் ஆகிய மென்றோல் மெலிந்து வரிவரியாய்ப் பிளக்கும். அவ்வரிகள் பின்னர் மறைவதில்லை.

தலையிலே வட்டமாக மயிர் உதிரும் சிறுவர்க்குக் களிம்பு மாத்திரம் போதாது. மயிரின் வேருக்குள்ளே பங்கசு புகுந்திருத்தலால் மாத்திரையே வேண்டும். 1958இலே பயனுக்கு வந்த கிரிசியோபுல்வின் இன்றும் இதற்கு உதவுகின்றது. வீட்டுப் பூனைக்குட்டியையும் பரிசோதித்தல் நன்று. தடித்து மஞ்சளித்த கால்நகத்துக்குத் தேர்பினபின் மாத்திரை ஏறத்தாழப் பன்னிரண்டு வாரம் உண்ணவேண்டும். ஈரலுக்குத் தீங்கு நேராதிருக்க மருத்துவரின் மேற்பார்வையும் வேண்டும். ஆனால் உருக்கெட்ட நகங்களிற் பாதியளவே பங்கசால் வந்தவை. ஆதலின் நகத்துணுக்கைச் சோதியாது மாத்திரை தொடங்குதல் முறையன்று.

அண்மைக்காலத்திலே தேர்பினபினுக்கு அடங்காத படர்தாமரை தென்னாசியாவெங்கும் பெருகியுள்ளது. இதற்குக் காரணமான இனத்துக்கு 2020ஆம் ஆண்டிலே இந்தோதினியே எனப் பெயரிட்டனர். கண்டபடி பூசிய கலப்புக் களிம்புகள் இதன் பரவலுக்குத் துணையாயின என்பது மருத்துவர் பலரின் கருத்து. இது தொற்றியவர்க்கு இற்றாக்கோனசோல் மாத்திரையைப் பல வாரம் கொடுக்கின்றனர். ஒரு வீட்டிலே மூவர் நால்வர்க்கு ஒருங்கே வருவது வழக்கமாதலின், ஒருவர் மாத்திரம் மருந்துண்டால் மற்றவரிடமிருந்து மீண்டுந் தொற்றும். விடுதியிலே ஒருவர் துவாயை மற்றொருவர் எடுப்பதும், ஈரச்சாரத்தை உலராமுன் உடுப்பதும், விளையாடிய காலுறையை மறுநாளும் மாட்டுவதும் இதற்கு வழிதிறப்பனவே. நோயுற்றவர் துணிகளை வேறாக வைத்துச் சுடுநீரிலே தோய்த்து, நல்ல வெயிலிலே உட்புறம் வெளியாக விரித்து உலர்த்துதல் வேண்டும்.