வாசல்

கோலார் தங்கவயலின் ஊரிகத்தில் மாலைக் காற்று புழுதியோடு வீசியது. "பாப்பா, வாசலைச் சாத்து" என்றான் அண்ணன். உள்ளேயிருந்த பாட்டி நகைத்தாள். "வாசலை எப்படியடா சாத்துவது? கதவைச் சாத்தச் சொல்."

அவன் அவ்வாறு கூறியதற்குக் காரணம் உண்டு. கடைத்தெருவில் அவன் நாள்தோறும் கேட்பது கன்னடம். கன்னடத்தில் 'பாகிலு' என்பது நுழையும் வழியையும் குறிக்கும். அவ்வழியை அடைக்கும் பலகையையும் குறிக்கும். தமிழில் வழி வாசல்; பலகை கதவு. கதவில்லாத குடிசைக்கும் வாசல் உண்டு. (கோயிலில் 'சொர்க்கவாசல் திறப்பு' என்பர், அங்கே திறக்கப்படுவது வழி.)

எனினும் பாகிலு அயற்சொல் அன்று. இல் என்பது வீடு. அதன் வாய் 'இல்வாய்'. அது முன்பின்னாக மாறி 'வாயில்' என வழங்குவதை இலக்கணப் போலி என்பர். வாயில் பேச்சுவழக்கில் வாசல் ஆயிற்று. தெலுங்கில் அது வாகிலி, மலையாளத்தில் வாதில். கன்னடத்தில் வகரம் பகரமாகிப் பாகிலு ஆயிற்று. கோலார் மாவட்டத்து முல்பாகல் என்னும் ஊரின் பெயரும் 'மூடல பாகிலு', அதாவது கிழக்கு வாசல் என்பதன் திரிபே.

வீட்டின் முன்னுள்ள நிலமும் வாசலே. "வாசல் தெளித்தாயா?" என்னும்போது அந்நிலமே கருதப்படுகிறது. வடார்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வீடுவாசலை விட்டுத் தங்கவயலுக்கு வந்தோர் பலர். அவர்கள் குடியிருந்த 'லைன்' வீடுகள் சுரங்க நிறுவனத்துக்கு உரியவை, சிறியவை. ஆகவே காய்கறி நறுக்குவதும் கதை பேசுவதும் வாசலில். வீடு நிறுவனத்துடையது, கோலமிட்ட வாசலோ அவர்களுடையது.

அந்த வாசலில் நின்று எவரும் "போகிறேன்" என்பதில்லை. "போய் வருகிறேன்" என்பர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான சாம்பியன் ரீப் சுரங்கத்தில் இறங்குவோர் வீட்டில் அச்சொல்லுக்குப் பொருள் மிகுதி. 28.2.2001 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று விடியுமுன் பெங்களூரு இரயிலுக்கு விரைவோரும் வாசலில் அதையே சொல்கின்றனர்.

பயிற்சி

1. பிழை நீக்குக: மழை வருகிறது, வாசலைச் சாத்து.
2. வாசற்படி, வீடுவாசல், கொல்லைவாசல்: இவற்றைச் சொற்றொடரில் அமைத்து எழுதுக.
3. வெளியே புறப்படுவோர் உன் வீட்டு வாசலில் என்ன சொல்வர்? பெரியோரிடம் கேட்டு எழுதுக.